புதன்கிழமை வீடு

செங்கழுநீர்ப்பட்டியில் கிழமையைச் சீட்டில் தோற்ற முதல் ஆள் அழகுமலை இல்லை. அவனுக்கு முன்பே மூட்டை தூக்குகிற ஒச்சு ஒரு திங்கட்கிழமையைத் தோற்றிருந்தான். அந்தத் திங்கட்கிழமையை ஜெயித்தவன் அழகுமலை என்பதால் கதையை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

அந்த ஊரில் எல்லோருக்கும் மல்லிகைதான் பிழைப்பு. விடியுமுன் மொட்டுப் பறித்து, சீனிச்சாமியின் பூ கமிஷன் கடையில் எடை போட்டு, ஏலம் முடிந்து பணம் கைக்கு வர வெயில் ஏறிவிடும். அந்தக் காத்திருப்பில், தராசுக்குப் பின்னால் ஈரச் சாக்கை விரித்து ஆண்கள் உள்ளே-வெளியே ஆடினார்கள். ஒருவன் ஒரு சீட்டின் பெயரைச் சொல்லி அது உள்ளே விழும் அல்லது வெளியே விழும் என்று கட்டுவான், சீட்டுப் போடுகிறவன் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே போவான், சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காரனுக்கு ஜெயம். அதற்கு மூளையும் வேண்டாம் பழக்கமும் வேண்டாம். முதலில் காசு கட்டினார்கள், காசு தீர்ந்தபோது பூவைக் கட்டினார்கள், ஒச்சுவுக்குப் பூவும் இல்லாததால் ஒருநாள் அவன் தன்னிடம் மிச்சமிருப்பது நாள்தான் என்று சொல்லி, வரப்போகும் திங்கட்கிழமையைக் கட்டினான். யாரும் சிரிக்கவில்லை. கட்டலாம், தப்பில்லை என்றார் சீனிச்சாமி. வெளியே விழும் என்று அவன் சொன்ன ராணி உள்ளே விழுந்தது.

அந்த வாரம் அழகுமலையின் வீட்டுக்கு இரண்டு திங்கட்கிழமை வந்தது. முதல் திங்கள் முடிந்து மறுநாள் காலையில் அவன் மனைவி நாகஜோதி வாசல் தெளிக்க வந்தபோது தெருவில் ஒருவருமில்லை, குழாயடியில் சண்டை இல்லை, டீக்கடையில் பாட்டு இல்லை, செடியில் பறிக்க மொட்டும் இல்லை, யாரும் நடந்து கலைக்காத வெயில் மட்டும் தெருநீளத்துக்குக் கிடந்தது. அது அவர்கள் மூன்று பேருக்கு மட்டுமான நாள். முந்தின நாள் அடித்த கோழியில் மிச்சத்தைக் குழம்பு வைத்தார்கள், அழகுமலை மூன்று வயது மகள் இலக்கியாவைத் தோளில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் ஓடினான், நாகஜோதி கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகப் பகலில் கால் நீட்டித் தூங்கினாள். அது யாருடைய திங்கட்கிழமை என்று அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் குழாயடியில் ஒச்சுவின் பெண்டாட்டி, திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டவேண்டிய பிள்ளையை இப்படி ஒரு நாள் தவறவிட்டுவிட்டேனே என்று அழுதபோது, நாகஜோதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி வந்துவிட்டாள்.

அழகுமலையைப் பிடித்தது அந்த ஒரு பகல்தான். மறுநாளிலிருந்து அவன் பூ எடை போட்ட கையோடு சாக்கில் போய் உட்கார்ந்தான், இன்னொரு திங்கட்கிழமை, அதேபோல் வெயில், அதேபோல் மகள் தோளில், அவ்வளவுதான் கேட்டான், சீட்டு அதைத் தருவதுபோல ஒரு சீட்டு முன்னால் வந்து ஒரு சீட்டுப் பின்னால் போயிற்று. முதலில் ஒரு வாரத்து வெள்ளிக்கிழமையைத் தோற்றான். அதை மீட்க அடுத்த வாரத்து வெள்ளியைக் கட்டினான். பிறகு, வாராவாரம் கட்டுவது சில்லறை ஆட்டம், மொத்தமாக வெள்ளிக்கிழமை என்றே கட்டு மாப்ள, நாலைந்து ஆட்டத்தில் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று சீனிச்சாமி சொன்னார். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நாகஜோதிக்கு முதலில் தெரியவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றி மூடிவைத்த சோறு காலையில் நுரைத்துப் புளித்திருந்தது, வெயில் காலம் என்று நினைத்தாள். தலையில் வைத்த மொட்டுச் சரம் ஒரே தூக்கத்தில் பழுத்துப்போயிருந்தது, தலைச்சூடு என்று நினைத்தாள். நாட்காட்டியில் அழகுமலை அவளுக்கு முன்னால் எழுந்து இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிடுவான். தோட்டத்தில் முந்தின நாள் மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்து வாசனை ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தபோதும் அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டாள். பசுதான் காட்டிக்கொடுத்தது. அதை யாரும் சீட்டில் கட்டவில்லை, அதனால் அதற்கு ஏழு நாளும் இருந்தது, வெள்ளிக்கிழமை மடி கனத்துக் கத்தியது. சனிக்கிழமை காலையில் அதன் மடி வற்றியிருப்பதைப் பார்த்து அவள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்திடம் கேட்டாள்.

"நேத்து நீங்க இல்லையேத்தா. மாடு கதறுச்சு, பாவம்னு நான் கறந்தேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

"நேத்து நாங்க எங்க மதினி போனோம்?"

"எங்கயும் போகல. பாய் கெடந்துச்சு. நீங்க இல்ல, அவ்வளவுதான்."

கறந்த பாலைப் பற்றிப் பஞ்சவர்ணம் பேசவில்லை, நாகஜோதியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பால் பஞ்சவர்ணத்தின் பால் என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமைப் பூவை அவள் புருஷன் பறித்தான், விட்டால் வீணாகத்தானே போகும் என்றான். அந்த வீட்டு முற்றம் வெள்ளிக்கிழமைகளில் காலியாக இருப்பதை அறிந்து தெருவே அங்கே மிளகாய் காயப்போட்டது, சனிக்கிழமை அவர்கள் தும்மிக்கொண்டே எழுந்தார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வாத்தியார் இலக்கியாவின் வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மொத்தமாகக் கோடு இழுத்துவிட்டார். அம்மன் திருவிழா வரியை ஊர்க்கூட்டம் கூடி ஏழில் ஒரு பங்கு தள்ளுபடி செய்தது, அதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், சாமி புறப்பாடே வெள்ளிக்கிழமைதான் என்பதை யாரும் சொல்லவில்லை. கடன் வட்டிக்கு மட்டும் ஏழு நாளும் இருந்தது.

நாகஜோதியின் தம்பி ஒரு வியாழக்கிழமை ஊரிலிருந்து வந்து அக்கா கையால் சாப்பிட்டுப் படுத்தவன் சனிக்கிழமை எழுந்தான். அவனுக்கு மில்லில் வேலை போயிற்று. அதிலிருந்துதான் ஊருக்கு அந்த விதி தெரிந்தது: நாள் என்பது ஆளுக்கு இல்லை, உலைக்கு. எந்த உலையில் ஒரு வாய் சாப்பிடுகிறாயோ அந்த உலையின் நாட்கள்தான் உனக்கு. உலைக்கு மூத்த ஆண் எவனோ அவன் கட்டினால் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டினதாக அர்த்தம். தம்பி அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஊரிலும் யாரும் அந்த வீட்டில் ஒரு டம்ளர் காபி குடிக்கவில்லை. பள்ளிக்கூடச் சத்துணவு அரசாங்கத்து உலை, அதற்கு இந்தக் கணக்கு ஒட்டவில்லை.

வெள்ளிக்குப் பின்னால் செவ்வாய் போயிற்று. செவ்வாய்க்குப் பின்னால் ஞாயிறு.

ஒவ்வொரு நாள் போகும்போதும் அழகுமலை அழுதான். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான், மூன்று நாள் நான்கு நாள் கடைப்பக்கம் போகாமல் செடிக்கு மருந்தடித்தான், மகளுக்கு நுங்கு சீவிக் கொடுத்தான், பிறகு ஏலம் முடிந்ததும் வருகிறேன் என்று போவான். நான் யாருக்காக ஆடுகிறேன், உங்களுக்கு நாள் வேண்டும் என்றுதானே என்று கேட்பான், கேட்கும்போது அவன் பொய் சொல்லவில்லை. போன முறை ஒரே ஒரு சீட்டு வித்தியாசம் என்பான். அந்த ஒரு சீட்டை அவன் சோற்றில் பார்த்தான், சுவரில் பார்த்தான், மனைவியின் முகத்தில் பார்த்தான்.

ஜெயித்த சீனிச்சாமிக்கு வாரத்தில் இரண்டு வெள்ளி, இரண்டு செவ்வாய், இரண்டு ஞாயிறு வந்தது, ஒச்சுவிடமும் இன்னும் நாலு வீட்டிலும் வாங்கியவை வேறு. அந்த நாட்களை அவர் என்ன செய்தார் என்றால் அவற்றிலும் சீட்டுத்தான் ஆடினார், கூட ஆட ஆளில்லாததால் வலது கைக்கும் இடது கைக்குமாக ஆடினார். சமைத்துச் சமைத்து அவர் மனைவி ஊரிலுள்ள மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கிழவியானாள். அவருக்கும் பல் விழுந்தது, கண் மங்கியது, சீட்டுப் பிடிக்கும் விரல் மட்டும் அப்படியே இருந்தது.

பஞ்சவர்ணத்தின் மகள் மோகனப்பிரியாவும் இலக்கியாவும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே உயரத்தில் நின்று ஒரே குழாயில் தண்ணீர் குடித்தவர்கள். மோகனப்பிரியாவுக்கு அரைப்பாவாடை குட்டையானபோது இலக்கியாவுக்குத் தரையைத் தொட்டது. பதின்மூன்று வயதில் மோகனப்பிரியா பெரிய மனுஷியானாள், மூன்று தெரு அடைத்துப் பந்தல் போட்டார்கள், சீர்த் தட்டு எடுத்துவந்த பெண்களுக்குள் புகுந்து இலக்கியா தோழியின் இடுப்புயரத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பத்து வயதுதான் ஆகியிருந்தது. அந்தத் தோழி குனிந்து, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ஒரு லட்டை அவள் கையில் வைத்தாள். நாகஜோதி அதைப் பார்த்தாள்.

அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். தனக்கு நாள் வேண்டாம், மகள் வளரவேண்டும்.

அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது தனி உலை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். புது உலைக்கு நெருப்பு வேறு வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பத்து வயதுப் பெண்ணுக்குத் தனி உலையா என்று ஊர்க்கூட்டத்தில் கொஞ்சம் யோசித்தார்கள், வைக்கலாம் என்றார்கள். அப்படியானால் நானும் மகளோடு அந்த உலையில் சாப்பிடலாமா என்று நாகஜோதி கேட்டாள். பெரிய அம்பலக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"கழுத்துல தாலி இருக்குற வரைக்கும் உன் வாயும் அவன் வாயும் ஒண்ணுதான் தாயி. நீ ஒரு வாய் வச்சா அவன் வச்ச மாதிரி. அப்புறம் அந்த உலைக்கும் அவன்தான் மூத்த ஆம்பள."

அதற்கு முன்மாதிரி ஒச்சு இருந்தான். எல்லா நாளையும் தோற்று ஒரு சனிக்கிழமை மட்டும் மிஞ்சியபோது அவன் தம்பி வீட்டில் போய் ஒரு கவளம் சாப்பிட்டான், தம்பியின் ஏழு நாளும் அவனுக்கும் வந்தது, அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஏழையும் தோற்றான். இப்போது இரண்டு வீடும் பூட்டிக்கிடந்தன, பூட்டில்லாமலே.

நெருப்புக் கேட்டு நாகஜோதி பஞ்சவர்ணத்தின் வாசலுக்குப் போனாள். பஞ்சவர்ணம் சிரட்டையில் கங்கு எடுத்துவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நாலு நாள்தான் நீங்கள் இருக்கிறீர்கள், மாட்டைக் கட்டி எப்படி மேய்ப்பாய் என்று விசாரித்தாள். சிரட்டை சூடாகிக்கொண்டே வந்தது. மாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மதினி என்றாள் நாகஜோதி. அப்போதுதான் கங்கு கை மாறியது.

முற்றத்தில் மூன்று கல்லை வைத்து இலக்கியா தன் முதல் சோற்றை வடித்தாள். ஒரு கைப்பிடி எடுத்து ஊதி, உப்பு இருக்கா பாரும்மா என்று அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். நாகஜோதி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் பார்த்தாலே தெரியுது, இருக்கு என்றாள்.

அடுத்த வருஷத்துக்குள் அழகுமலை திங்கள், வியாழன், சனி மூன்றையும் தோற்றான். தோட்டம் பஞ்சவர்ணத்தின் புருஷன் கைக்குப் போயிற்று. புதன்கிழமையை மட்டும் அவன் கட்டவில்லை, அதையும் கட்டினால் ஆட உட்கார ஒரு நாள் இருக்காதே.

அதிலிருந்து நாகஜோதி படுத்தால் புதன், எழுந்தால் புதன். ஒவ்வொரு புதன்கிழமையும் பக்கத்துப் பாயில் ஒரு வாரம் வளர்ந்த மகள் இருந்தாள். பூக்கட்டும் வாழைநார் ஒன்றை நாகஜோதி நிலைக்கதவின் ஆணியிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். மகளை அதன் பக்கத்தில் நிற்கவைத்து உச்சந்தலைக்கு நேரே ஒரு முடிச்சுப் போடுவாள். எவ்வளவும்மா வளர்ந்திருக்கேன் என்று இலக்கியா கேட்பாள். ஒரு நூல் என்பாள், அரை நூல் என்பாள். முடிச்சு முடிச்சாக நார் மேலே ஏறியது. நார் நைந்தால் புது நாரில் எல்லா முடிச்சையும் அதே இடத்தில் மாற்றிப் போட்டாள். பிறகு மகளுக்குத் தலைவாரிவிட்டபடி ஆறு நாள் சேதியைக் கேட்பாள், மகள் மூச்சுவிடாமல் சொல்வாள், காய்ச்சல் வந்ததை, யாரோ சைக்கிளில் பின்னால் வந்ததை, ராத்திரி இரண்டு வெறும் பாய்க்கு நடுவில் படுக்கப் பயந்ததை, பயம் விட்டுப்போனதை. மகள் பெரிய மனுஷியானது ஒரு வெள்ளிக்கிழமை. பஞ்சவர்ணம்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள், அதைப் புதன்கிழமை நாகஜோதியிடம் சொல்லிக்காட்டவும் செய்தாள். ஒரு வாய், ஒரே ஒரு வாய் மகளின் சட்டியிலிருந்து எடுத்தால் நாளைக்கு வியாழக்கிழமை வரும் என்பது நாகஜோதிக்கு ஒவ்வொரு புதனும் தெரிந்திருந்தது, மகள் சமைக்கும் வாசனை வரும்போது அவள் தெருவில் போய் நின்றுகொண்டாள். ஒருமுறை தாலிக்கயிற்றில் கையை வைத்தாள். அழகுமலை காலில் விழுந்தான், மகள் கல்யாணத்துக்கு அப்பன் பெயர் வேண்டாமா என்று கேட்டான். கையை எடுத்துவிட்டாள்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. அது நாகஜோதிக்கு ஒரு வருஷம். மோகனப்பிரியா இடுப்பில் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துபோனாள். இலக்கியாவுக்குப் பதினேழு முடிந்து, திண்டுக்கல்லில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்தது, விடுதியோடு. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும், அன்றைக்கு வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. விடுதிச் சோறு எந்த அப்பனும் கைவைக்க முடியாத உலை. இந்தப் புதன் தாண்டினால் போதும் என்று நாகஜோதி விடியும்போதே நினைத்தாள், மகளின் இரண்டு தாவணியைத் துவைத்துக் காயப்போட்டாள், நாரில் முடிச்சுப் போட்டாள், பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் பூக் கட்டப் போனாள்.

உச்சிவெயிலில் திரும்பி வந்தபோது முற்றத்தில் மகள் குத்துக்காலிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. ஒன்று அவளுடையது.

"அப்பா வந்தாரும்மா. கடையில அவரோட யாரும் ஆட மாட்டேங்குறாங்களாம், ஒத்த புதன்கிழமையை வச்சுக்கிட்டு எதுக்கு வர்றன்னு வெரட்டிட்டாங்களாம். மொகமே சரியில்ல. பசிக்குதுத்தான்னு கையை நீட்டினாரு." இலக்கியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்படிம்மா இல்லன்னு சொல்றது?"

நாகஜோதிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நாளைக்கு வியாழக்கிழமை என்பதுதான் முதலில் வந்தது. அதற்கப்புறம் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கட்கிழமை மகளோடு பஸ் ஏறி விடுதி வாசல்வரை போகலாம். இப்போது எல்லாம் அவளுடையது. அவன் மட்டும் எழுந்து வீட்டுக்கு வந்தால் போதும்.

அவள் கமிஷன் கடைக்கு ஓடினாள். பெண்கள் தராசைத் தாண்டிப் போவதில்லை, அவள் தாண்டிப் போனாள். ஈரச் சாக்கில் அழகுமலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், எதிரே தோலும் எலும்புமாகச் சீனிச்சாமி, சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

"போதும். எந்திரிங்க" என்றாள். "ஏழு நாளும் வந்துருச்சு. வாங்க வீட்டுக்கு."

"அதான் புள்ள. ஏழும் இருக்கு, எட்டாவதா ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு வந்துச்சே, ரெண்டாவது திங்கக்கிழமை, அது மாதிரி ஒண்ணு. பொண்ணு போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும். ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாரும் நடக்காத தெரு, கால் நீட்டின தூக்கம், தோளில் சிரித்த பிள்ளை. அவன் தோளைப் பிடித்து இழுக்க நீட்டிய கை, சீனிச்சாமி ஒரு சீட்டை உள்ளேயும் ஒரு சீட்டை வெளியேயும் போட்டுக்கொண்டு போன அந்த நேரத்துக்கு, அப்படியே நின்றது. ராணி வெளியே விழுந்தது. அவன் வெளியேதான் கட்டியிருந்தான். ஜெயித்துவிட்டான். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் இழுத்தபோது அவன் எழவில்லை. கைராசி வந்துவிட்டது, இப்போது போய் எழுந்திருக்கச் சொல்கிறாயே என்றான். எட்டாவது நாள் போயிற்று, அதை மீட்க வியாழன், வியாழனை மீட்க வெள்ளி, அவள் சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், சீட்டு கலைந்தது, சீனிச்சாமி பொறுமையாக அடுக்கி மறுபடி போட்டார். வெயில் தராசைத் தாண்டுவதற்குள் திங்களும் போயிற்று. புதனை மட்டும் அவன் கட்டவில்லை.

அவள் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. ஆணியில் அழகுமலையின் சட்டை இல்லை, அவன் மீட்கப் போய்விட்டிருந்தான். முற்றத்து மூன்று கல்லின் சாம்பலில் ஆறு நாள் காற்றடித்த குப்பை கிடந்தது, கல்லைச் சுற்றி யாரோ மிளகாய் காயப்போட்டு வாரியிருந்தார்கள், கொடியில் இரண்டு தாவணியும் வெயிலில் வெளுத்துத் தொங்கின. பக்கத்துப் பாயில் இலக்கியா சோம்பல் முறித்து உட்கார்ந்து விரலை மடக்கினாள்.

"வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. இன்னும் நாலே நாள்தாம்மா. பெட்டி ஒண்ணு யார்கிட்டயாவது கேக்கணும்."

மகள் வழக்கம்போலப் போய் நிலைக்கதவில் முதுகை ஒட்டி நின்று முகத்தை நேரே வைத்துக்கொண்டாள். நார் தொங்கியது. கடைசி முடிச்சு உச்சந்தலைக்கு நேரே, முடி அளவும் பிசகாமல் இருந்தது.

"எவ்வளவும்மா வளர்ந்திருக்கேன்?"

"ஒரு நூல்" என்றாள் நாகஜோதி. பழைய முடிச்சுக்கு ஒரு நூல் மேலே புது முடிச்சைப் போட்டு, இழுத்து இறுக்கினாள்.